முதல் நாளிலேயே விற்கப்படும் டிஎல்சி நியாயமா?

கேள்வி இதுதான்: ஒரு வீடியோ கேமை முழு விலை கொடுத்து வாங்குகிறோம். அது வெளியாகும் அதே நாளில், அதே கடையில், அதே கேமுக்கான கூடுதல் பகுதி ஒன்று (பதிவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் இத்தகைய பகுதியைத்தான் டிஎல்சி என்கிறார்கள்) தனி விலையில் விற்பனைக்கு நிற்கிறது. இப்படி விற்பது நியாயமா, அல்லது முழுதாக இருந்ததை இரண்டாக வெட்டி இரண்டு முறை காசு பார்க்கும் தந்திரமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியீட்டு நாளன்று விற்கப்படுகிறது என்ற ஒரே காரணத்தால் எந்த டிஎல்சியும் அநியாயமாகிவிடாது. அது எப்போது தயாரிக்கப்பட்டது, வட்டிலேயே இருக்கிறதா, இணையத்திலிருந்து இறங்குகிறதா என்பவற்றை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடிப்படைப் பதிப்பை மட்டும் வாங்கியவர் எதை நம்பி வாங்கினாரோ அது குறையில்லாமல் அவர் கைக்கு வந்ததா, அவருக்குக் கிடைக்காதது எது என்பது பணம் கட்டும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, புகழ்பெற்ற சர்ச்சைகளில் சில, ரசிகர்கள் அன்று சொன்ன காரணத்துக்காக அன்றி வேறொரு காரணத்துக்காகத் தவறாகத் தெரிகின்றன; வேறு சில, அவ்வளவு கோபத்துக்கு உரியவை அல்ல என்றும் தெரிகின்றன.

தயாரிப்பவர் தரப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பலர் நினைப்பதைவிட அது வலுவானது. ஒரு பெரிய கேமின் வேலை எல்லாத் துறையினருக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. கதை எழுதுபவர்கள், கதாபாத்திரங்களையும் இடங்களையும் வரைபவர்கள், கட்டங்களை வடிவமைப்பவர்கள் ஆகியோரின் வேலை, நிரலாளர்களின் வேலைக்கும் சோதனையாளர்களின் வேலைக்கும் பல வாரங்கள் முன்பே வடிந்துவிடும். உள்ளடக்கம் முழுவதும் சேர்ந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பிறகு புதிதாக எதையும் சேர்க்க அனுமதிக்க மாட்டார்கள், ஏனெனில் ஒரு புதிய அறையைச் சேர்த்தால்கூட அது எங்கோ ஒரு பழைய அறையின் கதவைத் திறக்கவிடாமல் செய்துவிடக்கூடும். அதன்பின் பிழைகளைக் களைய வேண்டும். சோனி, மைக்ரோசாஃப்ட் போன்ற கன்சோல் நிறுவனங்களிடம் அனுப்பிச் சான்று பெற வேண்டும். வட்டு அச்சிட்டு, பெட்டியில் இட்டு, பல நாடுகளின் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். இந்த இடைவெளி ஏறத்தாழ மூன்று மாதம் என்று, மாஸ் எஃபெக்ட் தொடரை இயக்கிய கேசி ஹட்சன் 2012இல் வெளிப்படையாகவே விளக்கினார். டிஎல்சிக்கு வட்டு வேண்டாம், பெட்டி வேண்டாம், கப்பல் வேண்டாம்; தனியாகச் சான்று பெற்று இணையத்தில் ஏற்றினால் போதும். ஆகவே, கை ஓய்ந்திருக்கும் ஓவியரும் எழுத்தாளரும் அந்த மூன்று மாதத்தில் செய்ததை, கேம் கடைக்கு வரும் அதே நாளில் விற்பனைக்கு வைப்பது தொழில்முறையில் முற்றிலும் சாத்தியமானது. ஒரு திட்டம் முடிந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது வாடிக்கையாகிப்போன துறையில், அவர்களுக்கு வேலை இருப்பதும் நல்லதுதான்.

இதோடு வரவுசெலவுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். டிஎல்சிக்கான பணம் பெரும்பாலும் தனியாக ஒதுக்கப்படுகிறது. அது தனியாக விற்று வருமானம் தரும் என்ற எதிர்பார்ப்பில்தான் வெளியீட்டு நிறுவனம் அந்தச் செலவுக்கே ஒப்புக்கொள்கிறது. விற்க முடியாது என்றால் அது கேமுக்குள் இலவசமாக வந்திருக்கும் என்று நினைப்பது தவறு. அது உருவாகியே இருக்காது என்பதுதான் பல நேரங்களில் உண்மை. ‘கேம் வெளியான நாளிலேயே அது தயாராக இருந்தது, ஆகவே அது எனக்குச் சேர வேண்டியது’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்க முடியாமல் விழுகிறது. நாம் வாங்குவது ஒரு ஸ்டுடியோவின் குறிப்பிட்ட தேதி வரையிலான மொத்த உழைப்பை அல்ல. இன்னின்ன அடங்கியது என்று சொல்லி விற்கப்படும் ஒரு பொருளைத்தான்.

வட்டில் இருந்ததா இல்லையா என்ற சண்டையும் இதே வகையைச் சேர்ந்தது. 2010இல் பயோஷாக் 2 கேமில் பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் பகுதிக்காக ஒரு கூடுதல் தொகுப்பு விற்பனைக்கு வந்தபோது, காசு கொடுத்தவர்கள் கணினியில் பதிவிறக்கியது வெறும் 24 கிலோபைட். உள்ளடக்கம் ஏற்கெனவே அவர்களிடமே இருந்தது. வாங்கியது அதைத் திறக்கும் சாவியை மட்டும்தான். ‘வீட்டை விற்றுவிட்டு ஒரு அறையைப் பூட்டிச் சாவியைத் தனியாக விற்கிறார்கள்’ என்ற உவமை அப்போதிலிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த உவமை, கேம்கள் இயங்கும் விதத்துக்குப் பொருந்துவதில்லை. இருவர் இணையத்தில் மோதும்போது, எதிராளி தேர்ந்தெடுத்த கதாபாத்திரத்தின் உருவமும் அசைவுகளும் என் இயந்திரத்திலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வாங்கியவரும் வாங்காதவரும் சேர்ந்து ஆடவே முடியாது. இன்றைய சண்டை கேம்களில், நாம் வாங்காத கதாபாத்திரங்களின் தரவு புதுப்பிப்புகளோடு இறங்கி நம் சேமிப்பகத்தில்தான் குடியிருக்கிறது. அதற்காக இப்போது யாரும் கொடி பிடிப்பதில்லை.

அப்படியானால் கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் கேமில் நடந்தது சரியா? சரியல்ல. 2012 மார்ச் 6 அன்று அமெரிக்காவில் கன்சோல்களுக்கு வெளிவந்த அந்த வட்டில், பிளாங்கா, சகுரா, லார்ஸ், பிரையன் உட்பட 12 கதாபாத்திரங்கள் பூட்டப்பட்ட நிலையில் இருந்தன. வட்டின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான், வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவந்தது. ஜூலை இறுதியில் அவை 20 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. வட்டில் இருப்பதைத் திறப்பதற்கும் பிறகு பதிவிறக்குவதற்கும் விநியோக முறையைத் தவிர வேறு வேறுபாடு இல்லை என்று கேப்காம் அப்போது வாதாடியது. அந்த வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் எனக்கு அதில் மறுப்பில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது: சண்டை கேமில் கதாபாத்திரங்களின் பட்டியல்தான் பொருளே. அந்தப் பட்டியலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை முடித்து, வட்டிலும் ஏற்றி, வாங்குபவரிடம் சொல்லாமல் வைத்திருந்து, ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து புதிய சரக்கைப்போல் விற்றார்கள். வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, அவர் பில் போட்ட பிறகு மூன்றாம் ஆள் மூலம் வந்தது. தாங்கள் சொன்ன விளக்கம் எடுபடவில்லை என்பதைக் கேப்காமும் உணர்ந்திருக்க வேண்டும். வட்டிலேயே பூட்டி வைக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்வதாகப் பின்னர் அறிவித்தது.

தற்செயலாக, அதே 2012 மார்ச் 6 அன்றுதான் மாஸ் எஃபெக்ட் 3 கேமும் வந்தது. முதல் நாள் டிஎல்சி பற்றிய எல்லா விவாதமும் இறுதியில் வந்து நிற்பது இதில்தான் என்பதால், சற்று நின்று பார்ப்போம். கேமின் விலை 60 டாலர். அன்றே ‘ஃப்ரம் ஆஷஸ்’ என்ற டிஎல்சி 10 டாலருக்கு வந்தது. 80 டாலர் கொடுத்துச் சேகரிப்பாளர் பதிப்பை வாங்கியவர்களுக்கு அது அதனுடனேயே கிடைத்தது. அந்த டிஎல்சியில் ஜாவிக் என்ற கூட்டாளி வருகிறார். 50,000 ஆண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்ட புரோதியன் இனத்தின் கடைசி உயிர் அவர்; முதல் கேமின் கதை தொடங்கிய அதே ஈடன் பிரைம் கோளில் உறைநிலையிலிருந்து எழுப்பப்படுகிறார்.

இந்தத் தொடரை ஆடாதவர்களுக்கு இதன் கனம் புரியாது. 2007இல் வந்த முதல் கேமிலிருந்தே கதையை நகர்த்துவது புரோதியன்கள் என்ற புதிர்தான். அவர்கள் விட்டுச்சென்ற எச்சரிக்கையைக் காண்பதால்தான் கதாநாயகரான ஷெப்பர்டுக்கு வரப்போகும் அழிவு தெரிகிறது. அவர்களை ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட லியாரா என்ற தொல்லியலாளர் மூன்று கேம்களிலும் வருகிறார். அப்படியிருக்க, உயிரோடு ஒரு புரோதியன் கிடைக்கிறார், அவரிடம் நேரிலேயே கேட்கலாம் என்ற திருப்பத்தை 10 டாலருக்குத் தனியாக வைத்தார்கள். மூன்றாம் கேமின் நடுவே லியாராவின் தாய்க்கோளான தெசியாவுக்குச் செல்லும் கட்டம் ஒன்று உண்டு. ஜாவிக்கை உடன் அழைத்துச் சென்றால், லியாராவின் இனமான அசாரிகளின் தெய்வ வழிபாட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் புரோதியன்களே என்பதை, அந்த ஆலயத்துக்குள்ளேயே, லியாராவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவர் இல்லாமலும் அந்தக் கட்டத்தை ஆடி முடிக்கலாம், கதை அறுந்துபோவதில்லை. ஆனால் இரண்டு முறையும் ஆடிய எவரும், அவர் இல்லாத வடிவம்தான் முழுமையானது, அவர் மேலே தூவிய அலங்காரம் என்று சொல்ல மாட்டார்.

ரசிகர்கள் அன்று பிடித்துக்கொண்டது வேறொன்றை. கேமின் ஒரு கோப்பில் சில வரிகளை மாற்றினால், டிஎல்சி வாங்காமலேயே ஜாவிக்கை அணியில் சேர்க்க முடிகிறது என்று காட்டும் காணொலி பரவியது. ‘பார்த்தீர்களா, வட்டிலேயே இருக்கிறார்’ என்று கொதித்தார்கள். புதிய கூட்டாளி ஒருவர் முழுக் கேமிலும் ஒட்டாமல் தெரியாதிருக்க அவருக்கான அடித்தளத்தை முன்கூட்டியே இட வேண்டும், அவரை மீட்கும் கட்டம் உள்ளிட்ட மீதி எல்லாம் 600 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தனிப் பதிவிறக்கத்தில்தான் இருக்கிறது என்று கேமைத் தயாரித்த பயோவேர் பதிலளித்தது. தொழில்நுட்ப விளக்கமாக அதில் குறையில்லை. ஆனால் அந்த விளக்கமே நிறுவனத்துக்கு எதிரான சாட்சியும்கூட. முழுக் கேமிலும் ஊடும் பாவுமாக நெய்ய வேண்டிய அளவுக்கு ஒரு கதாபாத்திரம் மையமானவர் என்றால், அவரை ஏன் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டீர்கள்? 2021 மே மாதம் மூன்று கேம்களையும் சேர்த்து லெஜண்டரி எடிஷன் வெளிவந்தபோது ஜாவிக் அதில் எல்லோருக்கும் உரியவராகவே வந்தார். இன்று முதன்முறையாக ஆடுபவருக்கு, ஒரு காலத்தில் அவர் தனியே விற்கப்பட்டவர் என்று தெரிய வழியே இல்லை.

இங்கேதான் என் முக்கிய வாதம் வருகிறது. டிஎல்சி விற்க மிகச் சிறந்த நாள் வெளியீட்டு நாள். அன்றுதான் ஆர்வம் உச்சத்தில் இருக்கும். கேமை முடித்து அலமாரியில் வைத்தவரும் அதை மறுவிற்பனைக் கடையில் கொடுத்தவரும் அன்று இருக்க மாட்டார்கள். ஆனால் அன்று வாங்குபவர் இன்னும் ஒரு கட்டத்தைக்கூட ஆடியிருக்க மாட்டார். ஆடி, பிடித்து, இன்னும் வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு அவர் வந்திருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வரும் டிஎல்சி, ‘உனக்குப் பிடித்திருந்ததே, இன்னும் கொஞ்சம் தரட்டுமா’ என்று கேட்க முடியும். முதல் நாள் டிஎல்சிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ‘இது இல்லாமல் ஆடினால் எதையோ இழந்துவிடுவாய்’ என்ற பயத்தை மூட்டித்தான் அது விற்றாக வேண்டும். அந்தப் பயத்தை மூட்ட ஒரு தொப்பியோ வாளோ போதாது. கதையின் இதயத்துக்கு அருகிலிருந்து ஒரு துண்டு வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு கத்தியை எடுக்க வேண்டியதில்லை. எதைத் தனியே பிரிக்கலாம் என்று கூடிப் பேசும்போது, எது நன்றாக விற்கும் என்ற கேள்வியே அவர்களை உள்ளே இருந்திருக்க வேண்டியதை நோக்கித் தள்ளிவிடும். ஆகவே, ஒரு முதல் நாள் டிஎல்சி நியாயமானதாக இருக்க முடியும் என்றாலும், அந்த ஏற்பாட்டின் சாய்வு எப்போதும் அநியாயத்தின் பக்கமே இருக்கிறது.

மையத்தில் கை வைக்காமலேயே வாங்குபவரைத் துன்புறுத்தும் வழியும் உண்டு. அதே பயோவேரின் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் 2009 நவம்பரில் வந்தபோது, ‘வார்டன்ஸ் கீப்’ என்ற டிஎல்சி அன்றே 7 டாலருக்கு விற்பனையில் இருந்தது. நாள் முழுக்கச் சண்டையிட்டுவிட்டு, கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேச நாம் திரும்பும் கூடாரத்தில் லெவி டிரைடன் என்றொருவர் நின்றுகொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால், தன் முன்னோரின் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைக்க உதவுமாறு உருக்கமாகக் கேட்பார். சரி, போகலாம் என்று முடிவெடுத்தால், டிஎல்சியை வாங்கச் சொல்லும் அறிவிப்பு வரும். கதைக்குள் ஒரு விற்பனையாளரை வேடமிட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் உறைக்கும். காசு கொடுக்காதவருக்கும் அவர் கூடாரத்தை விட்டு நகர்வதில்லை என்பது இன்னும் எரிச்சல். வாங்கியவர்களுக்குக் கிடைத்தவற்றில் பொருள்களைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்றும் இருந்தது. மூட்டையில் இடமில்லாமல் நல்ல கவசங்களைத் தூக்கி எறிய வேண்டிவரும் அந்த நெடிய கேமின் அடிப்படைப் பதிப்பில் அப்படியொரு பெட்டி இல்லை. ரசிகர்களே மாட் (கேமை மாற்றியமைக்கும் சிறு நிரல்) எழுதி அந்தக் குறையைப் பின்னர் தீர்த்துக்கொண்டார்கள். என் கணக்கில், அந்த டிஎல்சியில் வரும் கோட்டையையும் அதன் கதையையும் தனியாக விற்றதில் தவறில்லை. பெட்டியை அதற்குள் வைத்துப் பூட்டியதும் விற்பனையாளரைக் கூடாரத்துக்குள் விட்டதும்தான் தவறு.

அதே கேமில் ‘ஸ்டோன் பிரிஸனர்’ என்ற இன்னொரு டிஎல்சியும் இருந்தது. ஷேல் என்ற கற்சிலைக் கூட்டாளியைத் தரும் அதன் தனி விலை 15 டாலர்; ஆனால் புதிய பிரதி வாங்கிய எல்லோருக்கும் பெட்டிக்குள் இருந்த குறியீட்டால் இலவசமாகவே கிடைத்தது. அதன் இலக்கு பழைய பிரதி வாங்குபவர்கள். அமெரிக்காவில் கேம்ஸ்டாப் போன்ற கடைகள் ஒரே வட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்று லாபம் பார்த்தன. சட்டப்படி ஒரு முறை விற்ற பிரதியின் மறுவிற்பனையில் வெளியீட்டாளருக்கு ஒரு காசு வராது. பயோவேரின் தாய் நிறுவனமும் வெளியீட்டாளருமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்த இழப்பை ஈடுகட்ட வகுத்த திட்டம் ‘பிராஜக்ட் டென் டாலர்’ என்ற பெயரில் பேசப்பட்டது. 2010இல் ஸ்போர்ட்ஸ் கேம்களின் இணைய ஆட்டத்துக்கே நுழைவுச்சீட்டு போடும் அளவுக்கு அது வளர்ந்தது. 2013இல் அந்தச் சீட்டை அவர்களே கைவிட்டார்கள். மறுவிற்பனை உரிமையை இப்படிச் சுற்றிவளைத்து முடக்குவது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் புதிய பிரதி வாங்கியவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதால், ஃப்ரம் ஆஷஸைவிட இது மேல். மேலும், மறுவிற்பனைதான் உண்மையான காரணம் என்றால், நோயோடு மருந்தும் போயிருக்க வேண்டும். ஸ்டீம் வழியாகக் கணினியில் வாங்கும் கேமுக்கு மறுவிற்பனையே கிடையாது. கன்சோல்களிலும் வட்டு தேய்ந்து மறைந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் டிஎல்சி மட்டும் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது.

விலைவாசி வாதத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005 வாக்கில் பெரிய கேம்களுக்கு நிலைபெற்ற 60 டாலர் விலை 2020 வரை அசையவில்லை. அந்த 60 டாலரின் மதிப்பு 2020இல் ஏறத்தாழ 80 டாலர். இதற்கிடையே தயாரிப்புச் செலவு பல மடங்கு ஏறியது. விலையை ஏற்றத் தயங்கியவர்கள், கூடுதலாகக் கொடுக்க மனமுள்ளவரிடம் மட்டும் கூடுதலாக வாங்கும் வழியைக் கண்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய புகார் இல்லை; ஒரே திரையரங்கில் இரண்டு விலையில் இருக்கைகள் இருப்பதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் விலை உண்மையிலேயே 70 டாலராக உயர்ந்த பிறகும் பழைய வழக்கம் போய்விடவில்லை. ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் 2024 ஆகஸ்டில் 70 டாலருக்கு வந்தது. 110 டாலரிலும் 130 டாலரிலும் உயர் பதிப்புகள் இருந்தன. சீசன் பாஸ் (பின்னர் வரும் டிஎல்சிகளையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கும் சீட்டு) உள்ளவர்களுக்கு மட்டும், ஸ்டார் வார்ஸ் படங்களின் புகழ்பெற்ற வில்லனான ஜப்பா தி ஹட் சம்பந்தப்பட்ட ஒரு கட்டம் முதல் நாளிலேயே கிடைத்தது. அறிவிப்பு வந்தபோது ஜப்பாவையே கேமிலிருந்து பிரித்துவிட்டதாகப் பலர் கொதித்தார்கள். ஜப்பா எல்லோருக்கும் வருவார், தனியாக இருப்பது விருப்பத்துக்குரிய ஒரு கட்டம் மட்டுமே என்று கேமை வெளியிட்ட யூபிசாஃப்ட் விளக்கியது. என் அளவுகோலில் இது தேறிவிடுகிறது: மையம் கெடவில்லை, வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே தெளிவாகவும் சொல்லியாயிற்று. மக்கள் நம்ப மறுத்ததற்கு, முந்தைய பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறை செலவழித்துத் தீர்த்த நம்பிக்கையே காரணம்.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு வகையும் உண்டு. டோட்டல் வார்: வார்ஹாமர் 2016 மே மாதம் வந்தபோது, கேயாஸ் படையை ஆடும் உரிமை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்களுக்குக் காசு என்று அறிவித்தார்கள்; எதிர்ப்பு எழுந்ததும், முதல் வாரத்தில் வாங்கும் அனைவருக்கும் இலவசம் என்று தளர்த்தினார்கள். கேயாஸ் படை எல்லோருடைய கேமிலும் எதிரியாக வரத்தான் செய்யும்; அதன் தலைமையில் உட்காரும் நாற்காலிக்கு மட்டும்தான் விலை. தனியே ஆடக்கூடிய மற்ற இனங்கள் போதுமான அளவு இருந்ததால் இதை நான் ஏற்றுக்கொள்வேன்; ஆனால் முன்பதிவோடு அதை முடிச்சுப் போட்டதை ஏற்க மாட்டேன். கேமைப் பற்றி ஒரு விமர்சனம்கூட வராத நேரத்தில் பணத்தைக் கட்டச் சொல்லித் தரப்படும் சலுகை, தரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பை வாங்குபவரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்கிறது. வெறும் தோற்றத்தை மாற்றும் உடைகள், வண்ணங்கள், இசைத்தொகுப்பு, ஓவியப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் நாளே விற்கட்டும், வேண்டியவர் வாங்கட்டும்.

‘பிடிக்காவிட்டால் வாங்காதே, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே’ என்பது இந்த விவாதத்தில் தவறாமல் வரும் பதில். வாங்குபவருக்கு முழு விவரம் தெரியும் இடத்தில் அது போதுமான பதில்தான். ஆனால் பல நேரங்களில் விவரம் அவரிடம் வந்து சேருவதே இல்லை. டிராகன்ஸ் டோக்மா 2 கேமை 2024 மார்ச்சில் பாராட்டி எழுதிய விமர்சகர்கள் வெளியீட்டுக்கு முன் ஆடிய பிரதிகளில், காசுக்கு விற்கப்படும் பொருள்கள் கண்ணில் படவில்லை. வெளியீட்டு நாளன்று, பயணத்தைச் சுருக்கும் கல், தோற்றத்தை மாற்ற உதவும் புத்தகம் என ஒரு நீண்ட பட்டியல் கடையில் ஏறியது. நெடுந்தூரம் நடப்பதையே அழகாகக் கொண்ட ஒரு கேமில், நடையைக் குறைக்கும் பொருளை விற்பது சந்தேகத்தைக் கிளப்பத்தான் செய்யும். உண்மையில் அவை பெரும்பாலும் கேமுக்குள் ஆடியே பெறக்கூடியவை. காசு கொடுக்காதவருக்குப் பெரிய இழப்பில்லை. இருந்தும், கணினிப் பதிப்பின் வேகக் குறைவும் சேர்ந்துகொள்ள, ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. உள்ளடக்கத்தில் கைவைக்காமலேயே, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததால் மட்டும் கெட்ட பெயர் வாங்கியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்துக்கு எல்லோரும் சுட்டுவது 2015இல் வந்த விட்சர் 3. 16 சிறு டிஎல்சிகளை இலவசமாகத் தந்தார்கள், சில மாதங்கள் கழித்துப் பெரிய விரிவாக்கங்களை விற்றார்கள், ஆகவே அதுதான் தர்மம் என்பார்கள். அந்த இலவசங்களில் பல, முதல் நாளிலேயே 15 டாலருக்குக் கட்டி விற்றிருக்கக்கூடியவை என்பது உண்மை, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அந்த விரிவாக்கங்களுக்கான 25 டாலர் பாஸ், கேம் வெளியாவதற்கு முன்பே விற்பனைக்கு வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இல்லாத பொருளுக்கு முன்பணம் வாங்குவது, இருக்கும் பொருளைத் தனியாக விற்பதைவிட உயர்ந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் சொன்னதைவிட அதிகமாகக் கொடுத்தார்கள் என்பதால் அந்தக் கேள்வி எழாமல் போனது, அவ்வளவுதான்.

நடைமுறையில் ஒரு வாங்குபவர் செய்யக்கூடியவை சில உண்டு. பல பதிப்புகள் உள்ள கேம் என்றால், கடைப்பக்கத்தில் உயர் பதிப்பின் பட்டியலைப் பார்த்து, அதில் கதைக்கட்டம், கூட்டாளி, ஆடக்கூடிய படை, பொருள் வைக்கும் இடம் ஆகியவற்றில் ஏதாவது தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். உடைகளையும் வண்ணங்களையும் கண்டுகொள்ள வேண்டாம். பிரிக்கப்பட்டிருந்தால், முன்பதிவு செய்யாமல், அடிப்படைப் பதிப்பை மட்டும் ஆடிய ஒருவரின் மதிப்புரை வரும்வரை காத்திருங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் உயர் பதிப்பையே விமர்சகர்களுக்கு அனுப்பக்கூடும் என்பதால் இது முக்கியம். தனிவீரர் கதை கேம் என்றால், ஓரிரு ஆண்டு பொறுத்தால் எல்லா டிஎல்சியும் அடங்கிய முழுப் பதிப்பு பழைய அடிப்படை விலையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கும். ஃப்ரம் ஆஷஸுக்கு அன்று கோபப்பட்டவர்கள் ஒன்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது ஒரு விதிவிலக்கு. ஏற்கெனவே வாங்கிவிட்டு ஏமாந்ததாக உணர்ந்தால், ஸ்டீமில் வாங்கிய டிஎல்சியை 14 நாள்களுக்குள், அதை வாங்கியபின் மூலக் கேமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது கேட்கப்படும் காரணப் பெட்டியில், கேம் பிடிக்கவில்லை என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பகுதி உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.